வலந்தலையில் வாழும் தோல்

மார்கழிக் கச்சேரிகள் நெருங்கினால் மயிலாப்பூர் வித்வான்களின் மிருதங்கங்கள் தோல் மாற்றக் கிளம்பிவிடும். பலா மரக்கட்டை தலைமுறை தாண்டும், தோல் அப்படியல்ல.

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஆட்டுத்தோல், அதன்மேல் பசுத்தோல் வளையம்; இழுத்துக்கட்ட எருமைத்தோல் வார். நடுவில் ஒருவகைக் கரிய கல்லின் பொடியும் சோறும் குழைத்த கரணையை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்து இறுக்குகிறார்கள். விளிம்பைச் சுற்றிய தோல் பின்னலான சாட்டையை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும்; கீழிருந்து தட்டினால் இறங்கும். பொறுமையும் செவியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அதுதான் வியப்பு!

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால், மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்தின் கைகள் இருந்தன. இத்தகைய மிருதங்கக் கைவினைஞர்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் நூலாக்கினார். கச்சேரி மேடையில் அவர்கள் பெயரையும் சொல்லலாம், சொல்லவேண்டும்.