எதிரி அகலமாகத் தெரிந்தால் போதுமா? 4:3 ஸ்ட்ரெட்ச் திரையில் இரண்டு வாரம்

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் என் லேப்டாப்பில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட உட்கார்ந்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "மாமா, இதை ஸ்ட்ரெட்ச் பண்ணிக்கட்டுமா? எல்லாரும் ஒல்லி ஒல்லியா தெரியுறாங்க" என்றான். 1920×1080-இல் இருந்த திரையை 1280×960 ஆக்கி, பக்கவாட்டில் இழுத்து நிரப்பினான். ஆட்கள் உப்பிப்போனார்கள், கதவுகள் அகன்றன, மூலையில் இருந்த வட்ட ரேடார் முட்டை வடிவமானது. எனக்குக் கண்ணை உறுத்தியது, அவனுக்கோ அதுதான் இயல்பு. அவன் ஊருக்குப் போன பிறகு அந்த அமைப்பை மாற்றாமல் இரண்டு வாரம் தினமும் ஆடிப் பார்த்தேன்.

இந்தப் பழக்கத்தின் வேர் பழைய குண்டு மானிட்டரில் இருக்கிறது. பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: எல்லாத் திரையும் 4:3 வடிவம்தான். 800×600, மிஞ்சிப்போனால் 1024×768. அகலத்திரைகள் வந்த பிறகும் அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் பழைய வடிவத்தை விடவில்லை. சிலர் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு ஆடினார்கள், மற்றவர்கள் படத்தை இழுத்துத் திரையை நிரப்பினார்கள். 2012-இல் வந்த குளோபல் அஃபென்சிவ், 2023 செப்டம்பரில் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்று ஆட்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை. 'சிம்பிள்' என்ற பெயரில் ஆடும் உக்ரைனின் ஒலெக்சாண்டர் கோஸ்டிலீவ் ஆடியது 1280×960 ஸ்ட்ரெட்ச்சில். அதே உச்சத்தில் ஆடும் எஸ்டோனியாவின் 'ராப்ஸ்' பல ஆண்டுகள் 1920×1080-இல் ஆடியவர். ஆக, "பெரிய ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிறார்கள்" என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

உண்மையில் என்ன மாறுகிறது என்று அளந்து பார்க்க நினைத்தேன். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், பயனில்லை. படத்தை இழுக்கும் வேலை, ஆட்டம் தன் படத்தை வரைந்து முடித்த பிறகு நடக்கிறது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டில் இழுக்காத 1280×960 படம்தான் கிடைக்கும். கடைசியில் மேசை டிராயரில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தேன். ஆளில்லாத மேப்பில் கணினியே இயக்கும் ஒரு 'பாட்' ஆளை நிறுத்தி, நகராமல் ஒரே இடத்தில் நின்று இரண்டு அமைப்பிலும் அளந்தேன். சாதாரணத் திரையில் தலை 6 மில்லிமீட்டர் அகலம், இழுத்த திரையில் 8. உயரம் இரண்டிலும் ஒன்றே. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 16:9 திரையில் 4:3 படத்தை நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

கூடிய அகலத்துக்கு விலை இருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 16:9 திரையின் பக்கவாட்டுப் பார்வைக் கோணம் சுமார் 106 டிகிரி, 4:3-இல் 90. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு டிகிரி போய்விடுகிறது. எட்டு டிகிரி என்றால் சிறியதாகத்தான் தோன்றும். அதைக் கண்ணால் பார்க்க, 1920×1080-க்குத் திரும்பி, என் 15.6 அங்குலத் திரையின் இரு ஓரத்திலும் 4.3 சென்டிமீட்டர் அகலக் காகிதப் பட்டைகளை ஒட்டினேன். இழுத்த திரையில் காணாமல் போகும் பகுதி அவ்வளவும்தான், மொத்தத் திரையில் கால்வாசி. அப்படியே என் பழைய ஆட்டம் ஒன்றின் பதிவை ஓடவிட்டேன். மிராஜ் மேப்பின் ஏ பகுதியில் நான் ராம்ப்பைப் பார்த்து நிற்கிறேன். பேலஸ் பக்கத்திலிருந்து ஒருவன் இறங்குகிறான். காகிதம் இல்லாதபோது அவன் தோள் ஓரத்தில் தெரிந்தது, திரும்பிச் சுட்டிருக்கிறேன். காகிதம் ஒட்டியபோது அவன் பட்டைக்குப் பின்னால் இருந்தான்.

இனி, இந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தெளிவான முக்கியமான விஷயம். தலை அகலமாகத் தெரிவதால் சுடுவது எளிதாகிவிடாது. படம் பக்கவாட்டில் இழுபடும்போது, மவுஸை நகர்த்தினால் காட்சி திரையில் ஓடும் வேகமும் அதே மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, எதிரி ஓடும் வேகமும் கூடுகிறது. தலையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போக மவுஸ் எவ்வளவு நகர வேண்டுமோ, அது இரண்டிலும் ஒரே அளவுதான். கைக்கு வேலை குறையவில்லை, கண்ணுக்குத்தான் குறைகிறது. தொலைவில் சுவரோரம் எட்டிப்பார்க்கும் ஆளை எனக்கு இழுத்த திரையில் சீக்கிரம் தெரிந்தது, அது உண்மை. ஆனால் குறுக்கே ஓடுபவனைச் சுடும்போது முதல் நான்கு நாள் ஒவ்வொரு முறையும் குறி பின்தங்கியது.

அமைக்கும் முறைக்கு வருவோம். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்குள் வீடியோ அமைப்பில் 4:3, 1280×960 தேர்ந்தெடுத்து, டிஸ்ப்ளே மோடை 'ஃபுல்ஸ்கிரீன்' என்று வைக்க வேண்டும். 'ஃபுல்ஸ்கிரீன் விண்டோட்' என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. இவ்வளவு செய்தும் கறுப்புப் பட்டை வந்தால் கோளாறு ஆட்டத்தில் இல்லை, கிராபிக்ஸ் டிரைவரில். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்' என்ற பக்கத்துக்குப் போய், ஸ்கேலிங்கை 'ஃபுல்-ஸ்கிரீன்' என்றும், அதைச் செய்யும் இடத்தை 'ஜிபியு' என்றும் வையுங்கள். கீழே, ஆட்டங்கள் வைக்கும் ஸ்கேலிங்கை மீறுவதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த டிக்கைத்தான். ஏஎம்டி கார்டு என்றால் அட்ரினலின் செயலியின் டிஸ்ப்ளே பகுதியில் ஜிபியு ஸ்கேலிங்கை இயக்கி, 'ஃபுல் பேனல்' தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். என் லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் டிஸ்ப்ளே என்ற பகுதியே இல்லை. டிரைவரை அழித்து மறுபடி நிறுவியும் வரவில்லை. காரணம் எளியது: பல லேப்டாப்களில் திரையின் இணைப்பு நேராகச் செல்வது பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸுக்குத்தான். என்விடியா கார்டு படத்தை வரைந்து அதனிடம் கொடுக்கிறது. எனவே இழுக்கும் வேலையையும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். இன்டெல் என்றால், டெஸ்க்டாப் ரெசல்யூஷனை முதலில் 1280×960 ஆக மாற்றிவிட்டு, இன்டெல்லின் கிராபிக்ஸ் செயலியில் ஸ்கேலிங்கை 'ஸ்ட்ரெட்ச்டு' ஆக்குங்கள். பட்டைகள் போய்விடும்.

இன்னொன்று, ரிஃப்ரெஷ் ரேட். புது ரெசல்யூஷனுக்கு மாறிய முதல் நாள் ஆட்டம் இழுவையாக இருந்தது. மவுஸில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அதை நோண்டினேன். விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து பார்த்தால் 144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் ஓடிக்கொண்டிருந்தது. ரெசல்யூஷன் மாறும்போது இந்த எண்ணும் தானாக மாறிவிடலாம். இழுத்த திரையால் கிடைக்கும் எந்த நன்மையையும் 60 ஹெர்ட்ஸ் விழுங்கிவிடும். அமைத்து முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உறுதியாகக் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு, அது பிரேம். 1920×1080-இல் கார்டு ஒவ்வொரு பிரேமுக்கும் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளை வரைகிறது. 1280×960-இல் 12 லட்சத்து 28 ஆயிரத்து 800 போதும். என்னுடையது 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் கொண்ட பழைய லேப்டாப். நூறைச் சுற்றித் தடுமாறிக்கொண்டிருந்த பிரேம் எண்ணிக்கை 130-ஐத் தாண்டி நின்றது. புகைக்குண்டுகள் வெடிக்கும் நேரத்தில் வரும் திணறல் நன்றாகக் குறைந்தது. வலுவான கார்டு உள்ளவர்களுக்கு இந்த லாபம் கிடைக்காது, ஏனென்றால் அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் பிராசசர். ரெசல்யூஷனைக் குறைப்பதால் அதன் சுமை குறையாது. பதிலுக்குப் படம் மங்கும். தூரத்து ஆட்களின் ஓரங்கள் பிசிறு பிசிறாகத் தெரிவது எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நடுவழி வேண்டுமென்றால் 1440×1080 நல்லது. அதே இழுப்பு, உயரத்தில் கூர்மை குறையாது.

வேலரண்ட் ஆடுபவர்கள் இதற்காக நேரம் செலவிட வேண்டாம். அங்கே பக்கவாட்டுப் பார்வைக் கோணம் 103 டிகிரியில் பூட்டப்பட்டிருக்கிறது. 4:3 வைத்து 'ஃபில்' கொடுத்தாலும் ஆட்கள் அகலமாவதில்லை, எழுத்துகளும் கிராஸ்ஹேரும்தான் இழுபடும். அங்கும் ஆட்களை அகலமாக்க, டிவைஸ் மேனேஜரில் மானிட்டரையே முடக்கும் ஒரு தந்திரத்தைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். விண்டோஸ் தன் திரையை அடையாளம் காணும் வழியை ஒரு ஆட்டத்துக்காக அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கணினி 1920×1080-இல் திணறுகிறதா? தயங்காமல் 1280×960-க்குப் போங்கள், மாறியபின் இரண்டு வாரத்துக்காவது எதையும் மாற்றாதீர்கள், கை பழக அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. கணினி தாராளமாக ஓடுகிறது என்றால், ஓரத்தில் வரும் ஆளைப் பார்க்கும் அந்த எட்டு டிகிரியை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் 1440×1080-இல் கறுப்புப் பட்டையும் வைத்துப் பார்த்தேன், கடைசியில் 1920×1080-க்கே திரும்பிவிட்டேன். அக்கா மகன் வீட்டில் இருப்பது ஆறு வருடப் பழைய கணினி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதது. அவனுக்கு ஸ்ட்ரெட்ச்தான் சரி என்று போனில் சொல்லிவிட்டேன்.