மீனுக்குப் பட்டை ஒட்டியவர் யார்?

ஒரகடம் சாலையில் செல்லும் சரக்குப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கறுப்புக் கோடுகள் நிறைந்த ஒரு பட்டை இருக்கும். கருவியால் அதைப் படித்தால் உள்ளே இருக்கும் உதிரிப்பாகம் இன்னதென்று தெரிந்துவிடும். 2003-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் பால் ஹெபர்ட், உயிரினங்களை அறியும் ஒரு முறைக்கும் இந்தப் பட்டையின் பெயரையே சூட்டினார். உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு ஜீனில், ஏறக்குறைய 650 எழுத்துகளைப் படித்து இனத்தைக் கண்டறிவதே அம்முறை.

இதன் பயன் பெரிது. தூண்டில் இரையாக உயிரோடு விற்கப்படும் மீன்குஞ்சுகளைக் கண்ணால் இனம் பிரிப்பது கடினம். மீந்த இரையை ஏரியில் கொட்டினால் அயல் இனம் அங்கே குடியேறக்கூடும். ஆகவேதான் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில், இரை விற்கும் கடைகளின் தொட்டி நீரிலேயே ஜீன் சோதனை செய்தனர். நமக்கும் இக்கவலை உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அது செம்பரம்பாக்கம் போன்ற ஏரியில் பெருகினால் நாட்டு மீன்களுக்கு ஆபத்து.

ஆனால் 'பட்டை' என்ற உவமையை நான் ஏற்கவில்லை. பெட்டிக்குப் பட்டை ஒட்டுவது அதைச் செய்த ஆலை; பதிவேடும் அதனுடையதே. மீனுக்கோ, ஒருவர் முதலில் கண்ணால் இனம் கண்டு பெயர் எழுத வேண்டும். அவர் தவறினால் சோதனையும் தவறும். நம் நாட்டுக் கெளுத்தியை நெடுங்காலம் 'கிளேரியஸ் பட்ராக்கஸ்' என்றே எழுதி வந்தோம். அப்பெயர் ஜாவாத் தீவின் மீனுக்கே உரியது என்று 2008-இல் வரையறுத்தனர். வட இந்திய மீன் 'கிளேரியஸ் மாகுர்' ஆயிற்று. பழைய பெயரில் பதிந்த ஜீன் வரிசைகள் என்ன விடை தரும்?

இன்னொரு குறை. மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்தே வருகிறது. தாய்லாந்தில் உள்ளூர்ப் பெண் கெளுத்தியையும் ஆப்பிரிக்க ஆண் கெளுத்தியையும் இணைத்துக் கலப்பின மீன் வளர்க்கிறார்கள். இச்சோதனை அதை உள்ளூர் மீன் என்றே சொல்லும், தந்தையைக் காட்டாது.

மாணவர்களே, திருகு அளவியில் சுழிப்பிழையைப் பாராமல் எடுத்த அளவை நாம் ஏற்பதில்லை. இங்கும் அப்படியே. உட்கருவின் ஜீனையும் படிக்கவேண்டும். ஒப்புநோக்க மாதிரி மீனையும் பாதுகாக்கவேண்டும். ஒரு வியாபாரியின் மீனை அழிப்பதோ ஏரிக்குள் விடுவதோ இந்த விடையைப் பொறுத்ததல்லவா?