சரிவைத் திருத்தும் குமிழ்

இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த குவாட் 2 ஆம்ப்ளிஃபயரை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஒடுங்கிய சிறு மேடையில் இரண்டு கேடி66 வால்வுகள் இடை சிறுத்த கண்ணாடிக் குடுவைகளாக நிற்கின்றன. உள்ளே மெல்லிய செங்கங்கு. வெறும் 15 வாட்தான். ஒரு வீட்டுக் கூடத்தைப் பாட்டால் நிறைக்க அது தாராளம்.

ஆனாலும் என் மனம் தங்குவது அதன் துணையான கியூசி 2 கட்டுப்பாட்டுப் பெட்டியில். ஒவ்வொரு இசைத்தட்டு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்துப் பதிந்த காலம் அது. எந்தத் தட்டு வந்தாலும் அதன் இயல்புக்கு இசைந்து கொடுக்க, அழகான பொத்தான் வரிசை ஒன்று வைத்தார்கள். பக்கத்திலேயே வடிகட்டி. பழைய 78 சுழற்சித் தட்டின் இரைச்சலை 10, 7, 5 ஆயிரம் அதிர்வு என்று எந்தப் படியிலிருந்து குறைப்பது என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கும். எவ்வளவு செங்குத்தாகக் குறைப்பது என்பதை இன்னொன்று தீர்மானிக்கும். இந்த இரண்டாவது குமிழ்தான் நயத்தின் உச்சம்! சற்றே திருப்பினால் இரைச்சல் விலகும். வயலினின் மினுக்கம் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பது உங்கள் விரல்நுனியில்.

1959இல் ஸ்டீரியோவுக்கென 22 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. பழைய குவாட் 2ஐ ஒதுக்க வேண்டியதில்லை. அருகே அதே போல இன்னொன்றை வைத்தால் போதும். ஆறு வருடம் கழித்தும் வாங்கியவரின் பணத்துக்குக் காட்டிய இந்த மரியாதையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

1967இல் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 33 கட்டுப்பாட்டுப் பெட்டி, 303 ஆம்ப்ளிஃபயர் என்ற ஜோடியில் கண்ணாடியும் கங்கும் இல்லை. அதற்கு ஈடாக 33இன் பின்புறத்தில் ஒரு சின்ன அற்புதம்: தட்டுக்கான சிறு சர்க்யூட் அட்டையை உருவி, திசை மாற்றிச் செருகினால் வேறு வகை பிக்கப்புக்கு அது பொருந்திவிடும். முன்புறத்திலோ, அதே வடிகட்டி, அதே மூன்று படிகள், அதே சரிவுக் குமிழ்!

எங்காவது ஒரு 33 கண்ணில் பட்டால், ஒலியைக் கூட்டும் முன் அந்தக் குமிழை மெல்லத் திருப்பிக் கேளுங்கள்.