புனிதவதியும் உளநூலாரும்

ஆண்டுதோறும் ஆனித் திங்களில் காரைக்கால் தெருக்களில் மாங்கனி மழை பொழிகிறது. மாடிகளிலிருந்து இறைக்கின்றனர், கீழே ஆயிரம் கைகள் ஏந்துகின்றன. அந்தக் கனியால் இல்வாழ்வு இழந்த ஒருத்தியின் உள்ளத்தை உசாவுவோர் எத்தனை பேர்?

கதையை நாடறியும். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளில் ஒன்றை அடியவர்க்கு இட்டாள் புனிதவதி. கணவன் இரண்டாவதையும் கேட்க, இறையருளால் ஒன்று வந்ததாம். சுவை வேறாயிருக்கவே வினவினான், உண்மை உரைத்தாள். இன்னொன்று வருவித்துக் காட்டு என்றான், வந்தது, மறைந்தது. அஞ்சினான், கலமேறினான், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் இட்டான்! சுற்றத்தார் முதல் மனைவியை அழைத்துச் சென்றபோது அவள் காலில் வீழ்ந்தான். அவளோ தசையை உதறிப் பேயுருக் கொண்டாள் என்கிறார், 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார்.

இவளை உளநூலாரின் கோல்களால் அளந்து பார்ப்போம். பிராய்டின் கோல், அடக்கிய இச்சை இறைக்காதலாக உருமாறிற்று என்னும். 1911இல் அவரைப் பிரிந்த ஆட்லரின் கோல், தாழ்வுற்றவள் கணவனே வணங்கும் உயரத்திற்கு ஏறினாள் என்னும். மாந்தரை அகமுகத்தார், புறமுகத்தார் என 1921இல் வகுத்துக்காட்டிய யுங்கின் கோல், அகமுகத்தாள் என்று முடித்துவிடும். கோல் மூன்று, பெண்ணும் மூவர்! ஆயினும் மூன்றும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. ஆராய்ச்சி முழுவதும் அவள் உள்ளத்துக்குள்ளேயே நடக்கிறது. ஓடிப்போய் மறுமணம் புரிந்தானே, அவனைக் கூண்டில் ஏற்றுவார் இல்லை.

காரென் ஹார்னி என்னும் அம்மையார் 1926இல் பிராய்டை மறுத்து எழுதினார். பெண்ணிடம் பிராய்டு கண்ட பொறாமைக்கு உடலமைப்பு மட்டுமா காரணம், ஆணுக்குச் சமுதாயம் அளித்துள்ள மேலிடம் அன்றோ காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். புனிதவதிக்குப் பொருந்துவது இக்கோலே என்பது நம் துணிபு. அவனுக்குக் கலம் இருந்தது, வாணிகம் இருந்தது, இரண்டாம் மணத்திற்கு வழியும் இருந்தது. அவளுக்கோ அவனுக்கெனப் பேணிய அழகு ஒன்றே இருந்தது. அதையே உதறினாள்.

இன்னொன்றும் நோக்க வேண்டும். அம்மையார் தாமே பாடிய அற்புதத் திருவந்தாதியில் கனியும் இல்லை, கணவனும் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று பெருமிதத்தோடு கூறிக்கொள்ளும் புலவர் ஒருவரே நம்முன் நிற்கிறார். கைவிடப்பட்ட மனைவியாக அவரைக் காட்டுவது பல நூற்றாண்டு பின்வந்த காவியம். அதனை அளக்கும் கோல் யார் உள்ளத்தை அளக்கிறது? அவர் உள்ளத்தையா, காவியம் எழுந்த காலத்தின் உள்ளத்தையா?

இக்கோல்கள் நமக்கும் பொருந்துமா? பொருந்தும்; எல்லாம் பொருந்தும்! அதுதான் இடர். 1948இல் அமெரிக்காவில் ஃபோரர் என்னும் ஆசிரியர் மாணவர் 39 பேருக்கு, அவரவர்க்கெனத் தனித்தனியே எழுதியதாகச் சொல்லி, ஒரே குறிப்பை வழங்கினார். பெரும்பாலும் சோதிட நூலில் எடுத்த வரிகள். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு, அவர்கள் இட்ட சராசரி ஐந்துக்கு 4.26. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு செல்வோரைக் கண்டு நகைக்கும் கற்றறிந்தோர் இதனையும் கருதுக.

1968இல் மிஷெல் கேட்டார்: இடத்துக்கு இடம் நடத்தை மாறுகையில், மாறாத இயல்பு என்று எதைச் சொல்வது? வகுப்பில் முழங்கும் நாம், திருமணப் பேச்சு எழுந்தால் வீட்டுப் பெரியோர்முன் வாய் திறப்பதில்லை. நம் இயல்பு முழக்கமா, மௌனமா?

பள்ளியில் மாணவியின் நடத்தைக் குறிப்பில் ‘அடக்கமானவள்’ என எழுதும் வழக்கம் உண்டு. அது அவள் இயல்பா, வீடு இட்ட ஆணையா? மாலையில் ஆடுகளத்தில் அவள் கூவியோடும்போது வந்து பார்ப்பவர் வேறு குறிப்பு எழுதுவார்.