குமிழியின் சுருதி

தொமோகோ சொவாஜின் ‘மியூசிக் ஹைட்ரோமான்டிக்’ (2017) இசைத்தொகுப்பை ‘ஆம்பியன்ட்’ என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவது ரொம்பச் சுலபம். அந்தப் பெட்டிக்குள் போனால் எந்த இசையும் தூக்க மருந்தாகிவிடும். இது அப்படிக் கேட்க வேண்டிய இசை இல்லை என்பது என் கட்சி.

யோகோஹாமாவில் பிறந்து பாரிஸில் வாழும் சொவாஜ், ஆனையம்பட்டி கணேசனின் ஜலதரங்கக் கச்சேரியைக் கேட்ட பிறகுதான் கிண்ணங்கள் பக்கம் வந்தார். பீங்கானையும் தண்ணீரையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டவர், தண்ணீருக்குள் ஒரு மைக்கையும் இறக்கினார். அந்த மைக்தான் விஷயமே. நீருக்குள் எழும் ஒலியில் பெரும்பகுதி மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். வெளியே இருக்கும் நம் காதுக்கு வருவது கொஞ்சம் மிச்சம்தான்.

முதல் டிராக் ‘கிளெப்சிட்ரா’வில் கிண்ணங்களில் துளிகள் சொட்டுகின்றன. துளி நீரில் மோதுவது கிட்டத்தட்ட மௌனமாகவே நடக்கிறது. மோதிய பள்ளத்தின் அடியில் சிக்கும் காற்றுக்குமிழி அதிர்வதால்தான் குழாய் சொட்டும் அந்தச் சத்தம் பிறக்கிறது என்பதை 2018ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவும் நீரடி மைக்கும் வைத்துக் காட்டினார்கள். குமிழியின் சுருதியை வானியலாளர் மின்னார்ட் 1933லேயே கணக்குப் போட்டுவிட்டார். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 3,300 ஹெர்ட்ஸ். ஆரம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும்.

இந்தச் சூத்திரம் கையில் இருந்தால் நாலு வரி நிரலில் குமிழிச் சத்தம் செய்துவிடலாம். மெல்ல அடங்கும் ஒரு சைன் அலை, அவ்வளவுதான். அப்புறம் கலைஞர் எதற்கு?

இரண்டாவது டிராக் ‘ஃபார்ச்சூன் பிஸ்கட்’ இதற்குப் பதில் சொல்கிறது. நுண்துளைகள் கொண்ட சுட்ட மண் துண்டுகள் நீரில் கிடக்கின்றன. ஈரம் உள்ளே ஏற ஏற, காற்று குமிழிகளாக வெளியேறிப் பாடுகிறது. நிரலில் என்றால் அடுத்த குமிழியின் அளவையும் நேரத்தையும் நான் ஒரு ரேண்டம் எண்ணிடம் கேட்க வேண்டும். இங்கே அதை மண்ணின் துளைகள் முடிவு செய்கின்றன. சொவாஜ் மண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். அடுத்த குமிழி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் நாமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

மூன்றாவதான ‘கேலிகிராஃபி’யோடுதான் எனக்குச் சண்டை. நீருக்கடியில் எழும் ஃபீட்பேக் ரீங்காரம், பழைய நெசவாலை ஒன்றின் எதிரொலி அறையில் நீண்டு விரிகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன வரும் என்ற பதற்றம் போய்விடுகிறது. இவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் சாய்ந்துகொள்கிறேன். ஆம்பியன்ட் என்பவர்களுக்கு இந்த ஒரு டிராக் போதுமான சாட்சி.

எனவே இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், இயர்போனோடு. தூங்குவதற்காகப் போட்டால், வந்த தூக்கமும் கலையும்.