மூட்டுப்பாவையும் யதார்த்தமும்

கலையை ஓய்வுநேரத்தின் அலங்காரமாகக் கருதுவோர் நம்மிடையே இன்னமும் உளர். அவர்கள் பார்வையில் கவிதை எழுதுவது கலை. வீணை மீட்டுவது கலை. கதவு இணைப்பதும் பாவை சமைப்பதும் வெறும் கைவேலை. இப்பாகுபாடு எங்கிருந்து வந்தது, எவருக்குப் பயன்பட்டது என்ற வினாவை எழுப்பாமல் கலைவிமர்சனம் எதுவும் முழுமை பெறுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதற்கு எளியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். அண்மைத் தசாப்தங்களில் உலகின் பல பாகங்களில் இளைஞரும் யுவதிகளும் தம் கையாலேயே மூட்டுப்பாவை செய்யப் பழகி வருகின்றனர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களிலே பந்தும் கிண்ணமுமாக மூட்டுக்கள் அமைத்து, உள்ளே இலாஸ்ரிக் கயிறு கோத்து, நிற்கவும் இருக்கவும் வல்லதாய்ச் சமைக்கப்படும் பாவை அது. நம் மாணவர் ஒருவர் இதில் ஈடுபட்டால், "பொம்மை செய்வதும் ஒரு வேலையா?" என்று வீட்டார் நகைப்பர். அந்நகைப்பு ஆராயத்தக்கது.

தமிழுக்குப் பாவை புதியதன்று. நெய்தல் மணலில் மகளிர் சமைத்த வண்டற்பாவையும், கோரையில் முடைந்த பைஞ்சாய்ப் பாவையும் சங்கச் செய்யுட்களில் இடம்பெறுகின்றன. வள்ளுவர் மரப்பாவையை இரு இடங்களில் உவமையாக்கினார். நாணுடைமை அதிகாரத்தில், மனத்தில் நாணமில்லாதவரின் நடமாட்டம் கயிற்றால் ஆட்டப்படும் பாவையின் நடமாட்டம் ஆகிறது. இரவு அதிகாரத்திலோ, இரப்போர் இல்லாத உலகத்தின் இயக்கமே மரப்பாவையின் போக்குவரவாகி விடுகிறது. அடுத்த அதிகாரத்திலேயே, இரந்துதான் வாழவேண்டுமெனில் உலகைப் படைத்தவனே கெட்டொழிக என்று சினந்த புலவர் இவ்வாறு கூறியிருப்பது தனியே ஆராயப்பட வேண்டியது. நமக்கு இங்கு வேண்டுவது வேறொன்று. இரண்டு இடத்திலும் பாவை உயிரின்மைக்கு உவமையாகிறது. கயிறு தெரிகிறது, ஆட்டம் தெரிகிறது. அந்த மூட்டைச் செதுக்கிய தச்சன் தெரியவில்லை. ஏட்டுக்கல்வி மரபு பாவையை உவமையாக்கிக் கொண்டது. பாவை செய்தவனை அது கண்டுகொள்ளவில்லை.

நம் வீடுகளிலே குழந்தையின் கைக்குக் கிடைத்த மரப்பாச்சி ஒற்றைக் கட்டையில் கடைந்தது. அதற்கு மூட்டில்லை. மூட்டுள்ள பாவையோ கூத்தரங்கிற்கு உரியதாயிற்று. கும்பகோணத்துப் பொம்மலாட்டத்திலும், நம் நாட்டின் தெற்கே அம்பலாங்கொடையின் 'ரூகட' ஆட்டத்திலும் மரப்பாவைகள் மூட்டுக்களால் இயங்குகின்றன. ஆனால் அவற்றைத் தாங்குவது மேலே நிற்கும் ஆட்டுவோனின் கயிறு. இன்றைய மூட்டுப்பாவையில் கயிறு உடலுக்குள்ளே புகுந்துவிட்டது. மேலே எவரும் இழுக்காமல், தன் உள்ளிழுவையாலேயே அது நிற்கிறது. வேறுபாடு சிறிது போலத் தோன்றினும் அதன் பொருள் சிறிதன்று.

இவ்வகை மூட்டின் வரலாறு நீண்டது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் சுடுமண் பாவைகளின் கைகால்களைத் துளையிட்டுக் கோத்தனர். 1889இல் உரோமில் திறக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கல்லறையில், மூட்டுக்கள் அமைந்த தந்தப்பாவை ஒன்று கிடைத்தது. பதினாறாம் நூற்றாண்டு ஜேர்மனியில் மரத்தால் நுட்பமான பந்துமூட்டுப் பாவைகள் செய்யப்பட்டன. அவற்றைப் பேர்லின் அரும்பொருட் சாலையிற் கண்டவர் ஹான்ஸ் பெல்மர். 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அவ்வரசுக்குப் பயன்படும் எவ்வேலையையும் செய்யேன் என்று தம் தொழிலைக் கைவிட்டு, அவர் பாவை செய்யத் தொடங்கினார். 1934இல் அப்பாவையின் படங்கள் நூலாயின. 1935 அளவில் பந்துமூட்டுக்களுடன் இரண்டாவது பாவையைச் செய்தார். 1938இல் பாரிசுக்குச் சென்றார்.

பெல்மரை எவ்வாறு மதிப்பிடுவது? பாசிசத்துக்குத் தம் உழைப்பை மறுத்த அவர்தம் துணிவு போற்றத்தக்கது. ஆனால் அந்த மறுப்பு எந்த உருவில் வெளிப்பட்டது என்பதையும் நோக்கல் வேண்டும். உறுப்புக்கள் பிரிக்கப்பட்டு, இரட்டிக்கப்பட்டு, முறுக்கப்பட்ட ஒரு பெண்ணுடல்! ஆதிக்கவாதிகள் போற்றிய 'குறையற்ற உடல்' என்ற பொய்யை அது தகர்த்தது என்பர் ஒரு சாரார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும், கொடுங்கோன்மையைச் சாடப் புகுந்தவன் சிதைப்பதற்குத் தேர்ந்த உடல் கொடுங்கோலனுடையதன்று. சமூகத்தில் ஏற்கெனவே பொருளாக்கப்பட்டிருந்த பெண்ணின் உடலே அது. தனிமனித மறுப்பு மக்களோடு தொடர்பற்று நிற்கும்போது, அது எதிர்த்த நோயின் குறிகளையே தன் மேனியிலும் ஏற்கிறது என்பதற்கு இது சான்று.

1965இல் பெல்மரின் பாவைப் படத்தைச் சஞ்சிகையொன்றிற் கண்ட யப்பானிய இளைஞர் யொற்சுயா சிமோன் அவ்வழியைப் பின்பற்றினார். 1978இல் பாவை செய்யக் கற்பிக்கும் பள்ளியொன்றையும் நிறுவினார். 1999இல் யப்பானின் வோக்ஸ் நிறுவனம் றெசின் வார்ப்பில் அவ்வகைப் பாவைகளை விற்பனைக்கு விட்டது. அதன்பின் கலைஞனின் அறையிலிருந்த பாவை உலகச் சந்தைக்கு வந்தது. உயர்ந்த விலை, வரையறுத்த எண்ணிக்கை, தனித்தனியே விலை குறித்த கண்ணும் கூந்தலும் உடையும்! அவ்விலையைக் கொடுக்க இயலாதாருட் சிலரும், கொடுக்க மனமில்லாதாருட் சிலரும், 'நாமே செய்து பார்ப்போம்' என்று முற்பட்டனர். நாம் கருத்திற் கொள்ள வேண்டியவர்கள் இவர்களே.

இவர்கள் எதிர்கொள்ளும் வேலையைச் சற்று விரிவாக நோக்குவோம். முதலில் பாவையின் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் முழு அளவில் வரையப்படல் வேண்டும். அவ்வரைபடத்தின்மேல் உட்கரு வைத்து, களியோ கடதாசிக்கூழோ அப்பி, உலர்த்தி, பிளந்து, உட்கருவை அகற்றி, மீண்டும் ஒட்டி, அரத்தாளால் நாட்கணக்கில் தேய்த்தல் வேண்டும். களி உலரும்போது சுருங்கும்; இடக்கால் வலக்காலிலும் குறுகும். பந்து முழு வட்டமாய் இல்லாவிடில் கிண்ணத்தில் வழுக்கும். கிண்ணம் ஆழமாயின் மூட்டு மடங்காது. ஆழம் குறையின் கழன்று விழும். கயிற்றின் இழுவை மிகுந்தால் பாவை விறைத்து உதறும். குறைந்தால் குலைந்து சரியும். முகத்தை எவ்வளவு அழகாகத் தீட்டியிருப்பினும் இக்குறை மறையாது. பாவையை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இங்கேதான் இலக்கிய விமர்சனத்துக்கும் ஒரு பாடம் உண்டு. இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். தோலின் நிறம், கண்ணின் பளபளப்பு, இமைமயிர் என்று மேற்பரப்பை அப்படியே பிரதி செய்தலே இயற்பண்பு. மனித முழங்கால் உண்மையில் பிணையல் மூட்டு. பெரும்பாலும் ஒரே தளத்தில் மடங்குவது. தோளும் இடுப்பும் மட்டுமே பந்துக்கிண்ண மூட்டுக்கள். பாவைசெய்வோரோ முழங்காலிலும் பந்தையே வைக்கின்றனர்; காலை நன்றாக மடக்க வேண்டி இரட்டைப் பந்தும் வைப்பர். புறத்தோற்றத்தில் இது பொய். ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது, எந்தப் புள்ளியைச் சுற்றி உறுப்பு திரும்புகிறது என்ற விதிக்கு அது கட்டுப்பட்டுள்ளது. இயக்கத்தின் விதியைப் பற்றிக்கொள்வதே யதார்த்தம். நம் நாவல்கள் சிலவற்றில் கிராமத்தின் வேலியும் கிணறும் துலாவும் பிசகின்றி வருணிக்கப்படுகின்றன; பாத்திரங்களோ ஆசிரியர் மேலிருந்து இழுக்கும் கயிற்றில் ஆடுகின்றன. அவற்றுக்கு வண்ணம் உண்டு; மூட்டு இல்லை.

உடலின் விதியைத் தமிழிலே கற்கும் முயற்சி மானிப்பாய்க்கு அந்நியமானதன்று. 1842இல் வெளிவந்து மானிப்பாய் அகராதி என்றும் பெயர்பெற்ற யாழ்ப்பாண அகராதி ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மாணவருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார்; 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே அளித்தார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், பதினான்கு ஆண்டுகளில், 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளிவந்தது. எலும்புக்கும் தசைக்கும் மூட்டுக்கும் தமிழ்ப்பெயர் தேடிய இடம் இது. அம்முயற்சியின் பின்னே மதப்பிரசார நோக்கு இருந்தது. அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும் அறிவு மக்களின் மொழியில் வழங்கப்படல் வேண்டும் என்ற கொள்கை அங்கே செயலாயிற்று. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். காலப்போக்கில் தமிழ்வழி மருத்துவம் நின்றுபோயிற்று. உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தபோது, தமிழில் எழுதிய மூட்டுக்களுக்கு விலை யார் கொடுப்பார்?

அந்நூல்கள் கடக்காத வேலியொன்றும் உண்டு. அங்காதிபாதம் கற்றவன் தச்சன் பட்டறைக்குச் செல்லவில்லை; கோயில் வாகனத்துக் குதிரையின் காலைப் பாய்ச்சலோடு செதுக்கிய தச்சன் அங்காதிபாதம் படிக்கவில்லை. அறிவு ஒரு சாதிக்கும் கைவினை இன்னொரு சாதிக்குமாகப் பிரித்து வைத்த சமூகத்தில் இவ்விரண்டும் சந்திக்க வழி ஏது? ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலில் கைவினைஞனை மதித்துப் போற்றினார். அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் பரம்பரைத் தொழிலமைப்பின் இணக்கத்தைக் கண்ட அளவுக்கு, அவ்வமைப்பிலிருந்து வெளியேற முடியாதவனின் மூச்சுத்திணறலை அவர் காணவில்லை. தொழில் பிறப்பால் விதிக்கப்படும்போது அதன் அழகு செய்தவனுக்கு விலங்காகவும் அமைகிறது.

கைவினையும் அறிவியலும் சந்தித்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜெய்ப்பூர் சாட்சி. 1960களின் இறுதியில், அந்நகர வைத்தியசாலையில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் சேர்ந்து செயற்கைப் பாதமொன்றை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டியது, விறைப்பானது. வெறுங்காலோடு வயலில் நடப்பவனுக்கும், நிலத்திற் சம்மணமிட்டு உண்பவனுக்கும், குந்தியிருந்து வேலை செய்பவனுக்கும் அது உதவவில்லை. றப்பரும் மரமும் கொண்டு, பல திசையிலும் வளையத்தக்க பாதத்தைச் சிற்பியின் கை ஆக்கியது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அச்சிற்பியின் கண் நூல்கள் காணத் தவறியதைக் கண்டது. எனினும், 1981இல் மக்சேசே விருது மருத்துவருக்குக் கிடைத்தது. கைக்கும் மூளைக்கும் இடையேயுள்ள வேலி மேடைகளில் இன்னமும் நிற்கிறது.

1980களின் பிற்பகுதியில் இம்முறை யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஏன் வந்தது என்பதை நாம் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009இல் முடிந்த போரின் எறிகணையும் மிதிவெடியும் எத்தனை பேருடைய கால்களைப் பறித்தன என்பதை நம் ஒழுங்கைகள் அறியும். இந்த மண்ணில் மூட்டு என்பது விளையாட்டுச் சொல்லன்று. ஓர் உழவன் மீண்டும் வரம்பில் ஏறுவதும், ஒரு தாய் மீண்டும் அடுப்படியில் குந்துவதும் அதிலே தங்கியுள்ளன.

ஆகவே, பாவை செய்ய முற்படும் மாணவனை நோக்கி நாம் நகைப்பது அறியாமை. அவனோ அவளோ களியைத் தேய்க்கும்போது, நூலாசிரியனும் தச்சனும் நூற்றாண்டுகளாகத் தனித்தனியே வைத்திருந்த இரு அறிவுகளை ஒரே கையில் சேர்க்க முயல்கின்றனர். ஆனால் அம்முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுதல் கூடாது. பூட்டிய அறையில், உலகச் சந்தை விதித்த வெளிறிய நிறத்தையும் மெலிந்த இடையையும் பிரதி செய்து, ஒரு பாவையோடு நிறைவு காண்பதாயின், அது விலை கொடுக்காமல் வாங்கிய அதே சரக்கே. நம் மாதரின் தோளும், பாரம் சுமந்து பழகிய முதுகும், வெடிப்புற்ற பாதமும் பாவைக்கு உரிய வடிவங்கள் அல்ல என்று சொன்னவர் யார்?

பாடசாலைகளில் சித்திரப் பாடமும் உயிரியற் பாடமும் மரவேலைப் பாடமும் ஒரே மேசையில் ஒருநாளாவது சந்திக்கட்டும். ஆசிரியர்கள் இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. களியும் கடதாசிக்கூழும் நம் ஊரிலேயே உண்டு. அம்மேசைக்குத் தச்சனையும் ஆசிரியனாக அழையுங்கள். நாற்காலி கொடுத்து அழையுங்கள். மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்த தலைமுறை, சமூகத்தின் எந்த மூட்டு இறுகிக் கிடக்கிறது என்பதையும் கண்டுகொள்ளும்.