தாமதமாக வந்து ஜெயித்த ரயில்

ஊரில் ஒரு பழைய தியேட்டரை மூடப்போகிறார்கள் என்று செய்தி வருகிறது. பத்து வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூடக் கடைசி ஷோவுக்குக் கிளம்பிவிடுவார்கள். ‘இந்த சீட்டுலதான்யா உக்காந்து பார்த்தேன்’ என்று கண் கலங்குவார்கள். நீங்களும் நானும்கூட அந்தக் கூட்டத்தில் இருப்போம். இதில் பாதிப் பேர் மாதம் ஒரு முறை வந்திருந்தால் தியேட்டர் பிழைத்திருக்குமே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடிக்க வருவார்கள்.

இங்கிலாந்தின் கிராமத்து ரயில்களுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. கரி எஞ்சின், இரண்டே பெட்டி, வழியில் நாலைந்து குட்டி ஸ்டேஷன். இப்படி ஓடிக்கொண்டிருந்த கிளைப் பாதைகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்தச் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து எடுத்த சிரிப்புப் படம் ஒன்று இருக்கிறது. ‘தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்’. வருஷம் 1953. ஈலிங் ஸ்டுடியோவின் முதல் கலர் காமெடி.

முதல் காட்சியைக் கவனியுங்கள். உயரமான பாலத்தின் மேல் பெரிய எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று போகிறது. அதே பாலத்துக்குக் கீழே, சின்ன ரயில் ஒன்று புகை விட்டபடி நிதானமாக ஊருக்குள் வருகிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் மொத்த விஷயமும் புரிந்துவிடுகிறது.

டிட்ஃபீல்ட் கிராமத்து ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ரயிலை நிறுத்தப்போகிறார்களாம். ஊர்ப் பாதிரியாருக்கு ரயில் என்றால் உயிர். பாதை போட்ட குடும்பத்து வாரிசான பண்ணையாருக்குப் பரம்பரைப் பெருமை. ‘நாமே நடத்தினால் என்ன?’ என்கிறார்கள். நல்ல யோசனைதான், பணம்?

ஊரில் ஒரு பணக்காரர், வேலண்டைன். முழு நேரக் குடிகாரர். சட்டப்படி காலையில் மதுக்கடை திறக்கக் கூடாது. ஆனால் ஓடுகிற ரயிலில் பார் வைத்தால் அந்தச் சட்டம் செல்லாது என்று அவர் காதில் போடுகிறார்கள். மனிதர் அக்கணமே செக் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்! ஸ்டான்லி ஹாலோவே இந்த வேஷத்தில் நடிக்கவில்லை, மிதக்கிறார்.

ஊரில் பஸ் விடத் துடிக்கும் இருவர் எதிரிகள். ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள் என்று அரசாங்கம் அனுமதி தருகிறது. அங்கிருந்து ரகளைதான். ரோடு ரோலர்காரன் ஒருவன் கிராசிங்கில் குறுக்கே வந்து நிற்க, எஞ்சினும் ரோலரும் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொள்கின்றன. எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்துவிடுகிறார்கள். பயணிகள் எல்லாரும் இறங்கி, கையில் கிடைத்த பாத்திரத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. டிக்கெட் வாங்கியவன் அந்த நிமிஷத்தில் சொந்தக்காரனாகிவிடுகிறான்.

இறுதிச் சோதனைக்கு முந்தின ராத்திரி எதிரிகள் ரயிலைத் தடம் புரட்டிவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் மியூசியத்தில் தூங்கும் நூறு வருஷத்துக் கிழட்டு எஞ்சினை எழுப்பிக் கொண்டுவருகிறார்கள். இந்த எஞ்சின் நிஜமாகவே கிழடு. ‘லயன்’ என்று பெயர். 1838-ல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் கம்பெனிக்காகச் செய்தது. பாதிரியார் ஓட்ட, பிஷப் கரி அள்ளிப் போட, அது முக்கி முனகி சில நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. போச்சு என்று நினைக்கும்போது இன்ஸ்பெக்டர் சொல்கிறார், ‘இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் கிளை ரயிலுக்கான 25 மைல் வரம்பை மீறியிருப்பீர்கள்.’ தாமதமாக வந்ததால் பாஸ்!

கதை டி.இ.பி.கிளார்க். டைரக்‌ஷன் சார்லஸ் கிரைட்டன். இருவரும் சேர்ந்து 1951-ல் தந்த ‘லாவண்டர் ஹில் மாப்’ அளவுக்குக் கச்சிதமான படம் இல்லை இது. நடுவில் தொய்கிறது. வில்லன்கள் வெறும் அட்டை பொம்மைகள். ஆனால் டக்ளஸ் ஸ்லோகோமின் கேமரா அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கைக் காட்டும்போது எல்லாவற்றையும் மன்னிக்கத் தோன்றுகிறது.

அங்கேதான் எனக்கு ஒரு சண்டை.

இந்தப் படம் ஒரு கேள்வியை லாகவமாக ஒளித்துவைக்கிறது. இந்த ரயிலில் தினமும் யார் போனார்கள்? பயணிகள் வருகிறார்கள், சிரிக்கிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள். ஆனால் இந்த ரயில் இல்லாவிட்டால் பிழைப்பே கெட்டுவிடும் என்ற ஒருவரையும் படம் நமக்கு நெருக்கமாகக் காட்டுவதில்லை. காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் பாதிரியார், பண்ணையார், குடிகாரச் சீமான். நேரமும் வசதியும் உள்ளவர்கள். ரயிலுக்குப் பணம் வந்த ஒரே காரணம் காலைச் சாராயம்! கிளார்க் அதைச் சிரிப்புக்காக எழுதினார். இன்றைக்குப் பார்த்தால் அதுதான் படத்திலேயே ரொம்ப நிஜமான வரி.

பத்தே வருஷத்தில் கணக்கு வந்தது. 1963 மார்ச்சில் டாக்டர் பீச்சிங் அறிக்கை. நாட்டின் தண்டவாளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணத்தில் வெறும் ஒரு சதவிகிதத்தைத்தான் சுமக்கிறது என்றது அது. 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. பல இடங்களில் கடைசி ரயிலுக்குத் திருவிழாக் கூட்டம். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் கரி எஞ்சினே நின்றுபோனது.

படம் பஸ்ஸை வில்லனாக்கியது. பாவம், ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்களில் பலவும் பின்னாளில் நின்றுபோயின. நிஜத்தில் ஜெயித்தது கார். அதாவது, 1953-ல் தியேட்டரில் உட்கார்ந்து அந்த ரயிலுக்காகக் கைதட்டிவிட்டு, காசு சேர்ந்ததும் கார் வாங்கிய ரசிகன். அவன்மேல் மட்டும் படம் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் டிக்கெட் விற்றிருக்காது, வாஸ்தவம்தான்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். படம் எடுத்த இடம் பாத் நகருக்குப் பக்கத்தில், கேமர்ட்டன் கிளைப் பாதை. அங்கே பயணிகள் ரயில் 1925-லேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் சரக்கு மட்டும். அதுவும் 1951-ல் முடிந்தது. அடுத்த வருஷம் கேமரா போய் இறங்கியது. ரயிலைக் காப்பாற்றும் கதையை, யாரும் காப்பாற்றாத பாதையில் எடுத்தார்கள்! 1958-ல் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். ஆக, இந்தப் படமே அந்தப் பாதையின் கடைசி ஷோ.

சரி, முழுப் பொய்யா? அதுவும் இல்லை. கிளார்க்குக்கு இந்த யோசனை வந்தது வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயிலைப் பார்த்து. கற்பலகைச் சுரங்கத்துக்காக 1865-ல் வந்த குறுகிய பாதை அது. 1950-ல் முதலாளி இறந்துபோக, டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சம்பளமில்லாமல் கரி அள்ளி, 1951-லிருந்து அதை ஓட்டினார்கள். தொண்டர்கள் காப்பாற்றிய உலகின் முதல் ரயில் என்பார்கள். இன்றும் ஓடுகிறது. அதைப் பார்த்து எத்தனையோ ஊர்களில் கிளைப் பாதைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

ஆனால் இவற்றில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்கள். குழந்தைக்குப் புகையைக் காட்டி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள். எஞ்சின் பிழைத்தது, அது செய்துவந்த வேலை பிழைக்கவில்லை. நமக்குப் பிடித்திருப்பது வேறு, நமக்குத் தேவைப்படுவது வேறு. மியூசியத்து எஞ்சினை எழுப்பி ஊர் ரயிலாக்கினார்கள் படத்தில். வெளியே நடந்தது நேர்மாறு. ஊர் ரயிலே மியூசியமாகிவிட்டது.

இதற்காகப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். 84 நிமிஷம்தான். கிடைத்தால் குடும்பத்தோடு பாருங்கள். வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். அந்தத் தண்ணீர் மொள்ளும் காட்சி வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, உங்கள் ஊரில் நின்றுவிடக் கூடாது என்று நீங்கள் நினைக்கிற ஒன்றை யோசித்துப் பாருங்கள். நூலகமோ, நாடகக் கொட்டகையோ, கடைசி டவுன் பஸ்ஸோ.

அங்கே கடைசியாக எப்போது டிக்கெட் எடுத்தீர்கள்?